மாத்திரை எதைத் தடுத்தது?

இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஒரு மாலை நடைப்பயிற்சியின்போது எனக்கு நெஞ்சு இறுகியது. வலி இடது தாடை வரை ஏறியது. அருகிலிருந்த மருத்துவமனையில் இ.சி.ஜி. எடுத்தார்கள், ரத்தத்தில் ட்ரோபோனின் அளவைப் பார்த்தார்கள், மறுநாள் ஆஞ்சியோகிராம் செய்தார்கள். இதயத் தமனி ஒன்றில் பெரும் அடைப்பு இருந்தது. ஆனால், முழு அடைப்பு இல்லை. இதயத் தசையில் ஏற்பட்ட சேதமும் சிறிதே. ஒரு ஸ்டென்ட் பொருத்தி, நான்காம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

எனக்கு ஏற்பட்டது அதிர்ச்சியைவிட ஏமாற்றம் என்றே சொல்ல வேண்டும். அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன் மாடிப்படி ஏறும்போது நெஞ்சுவலி வந்ததிலிருந்து ஆஸ்பிரின், ஸ்டேடின், பீட்டா பிளாக்கர் ஆகிய மூன்றையும் ஒருநாள் தவறாமல் உட்கொண்டு வருபவன் நான். "இவ்வளவு ஒழுங்காகச் சாப்பிட்டும் வந்துவிட்டதே, டாக்டர்?" என்று கேட்டேன். என் மாணவர்களின் வயதுதான் இருக்கும் அந்த இதயநோய் மருத்துவருக்கு. "வந்தது எது என்று உங்களுக்குத் தெரிகிறது, சார். வராமல் போனது எது என்று யாருக்கும் தெரியாது" என்றார்.

பொருளியல் வகுப்பில் முப்பத்தைந்து ஆண்டுகளாக நான் சொல்லிவந்த பாடம் அது. ஒரு திட்டத்தின் பயனை அளக்க வேண்டுமானால், திட்டத்துக்கு முன்னும் பின்னும் என்ன இருந்தது என்று பார்த்தால் போதாது. அத்திட்டம் இல்லாதிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதோடு ஒப்பிட வேண்டும். கட்டிலில் படுத்திருந்தபோது எனக்கே அது மறந்துபோயிருந்தது.

இதை எழுதத் தூண்டியது அந்த உரையாடல் மட்டுமன்று. என்னைப் பார்க்க வந்த என் அக்காள் கணவர் அதற்கு நேர் எதிரான முடிவுக்கு வந்தார். அவருக்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு மாரடைப்பு வந்து, அவரும் ஏறத்தாழ இதே மாத்திரைகளில் இருப்பவர். "போட்டும் வந்துவிட்டதே, மாப்பிள்ளை! பிறகு எதற்கு இந்தக் கைப்பிடி மாத்திரை?" என்று சொல்லிவிட்டுப் போனவர், ஊருக்குத் திரும்பியதும் எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்திவிட்டார். அதன் விளைவைப் பின்னால் சொல்கிறேன். நான் மருத்துவன் அல்லன்; ஆனால், தரவுகளைப் படிப்பது என் தொழில். அத்தான் கேட்ட கேள்விக்கு விடை தேடி நான் படித்தவற்றையே இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

'மாரடைப்பு' என்ற ஒரே சொல்லால் நாம் பல நிலைகளைக் குறித்துவிடுகிறோம். குழப்பம் அங்கிருந்தே தொடங்குகிறது. இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுசெல்லும் தமனிகளின் உட்சுவரில் கொழுப்புத் திட்டுகள் படிவதுதான் அடிப்படை நோய். திட்டு மெல்ல மெல்லப் பருத்துப் பாதையைக் குறுக்கினால், படியேறும்போதும் வேகமாக நடக்கும்போதும் வலி வரும், நின்றால் தணியும். இது நிலையான நெஞ்சுவலி. தொல்லைதான்; ஆயினும் எச்சரித்துவிட்டு வரும் தொல்லை.

அந்தத் திட்டின் மேலுள்ள நார்த் தோல் திடீரெனக் கிழிவது வேறு வகை. உள்ளிருக்கும் பொருள் ரத்தத்தைத் தொட்டவுடன், கிழிசலை அடைக்க வந்த தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகின்றன. கட்டி பாதையை ஓரளவு மறித்து, தசைக்குச் சேதம் விளைவிக்காமல் நின்றால், அது நிலையற்ற நெஞ்சுவலி. தசையின் ஒரு பகுதி சேதமுற்று ட்ரோபோனின் ரத்தத்தில் கசிந்தால் மாரடைப்பு, எனினும் இ.சி.ஜி.யில் 'எஸ்.டி.' எனப்படும் கோட்டுப் பகுதி பெரும்பாலும் உயர்ந்திருக்காது. தமனி முற்றாக அடைபட்டால் அந்தக் கோடு உயரும். தசை நிமிடத்துக்கு நிமிடம் சாகத் தொடங்கும். மூன்றாவதாகச் சொன்ன இதுவே 'எஸ்.டி. உயர்வு மாரடைப்பு'. மருத்துவர்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஓடுவது இதற்காகத்தான்.

கிழிவது எப்போதும் பெரிய திட்டாக இருப்பதில்லை என்பதை நான் இப்போதுதான் அறிந்தேன். பாதையைப் பாதிகூட மறைக்காத சிறிய திட்டு, மெல்லிய தோலோடு இருந்தால், அதுவே கிழிந்து முழு அடைப்பை உண்டாக்கலாம். 'போன மாதம் எல்லாம் நன்றாகத்தானே இருந்தார்' என்று இழவு வீடுகளில் நாம் கேட்கும் வாசகத்துக்குப் பின்னே பெரும்பாலும் இதுதான் இருக்கிறது.

ஆகவே, மருந்து மாரடைப்பைத் தடுக்கிறதா என்பதோடு இன்னொரு கேள்வியும் எழுகிறது. தடுக்க முடியாமல் போகும்போது, வருவதன் கடுமையையாவது அது குறைக்கிறதா?

இதை நேராக ஆராய்ந்த ஆய்வு ஒன்று 2006-ஆம் ஆண்டு 'அன்னல்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசின்' இதழில் வெளியானது. அமெரிக்காவின் வடக்குக் கலிபோர்னியாவில் கைசர் பெர்மனென்ட் என்னும் மருத்துவ அமைப்பின் உறுப்பினர்களிடையே, ஆலன் கோ, மார்க் ஹலாட்கி முதலியோர் நடத்தியது. இதயத் தமனி நோய் முதன்முறையாகத் தலைகாட்டியவர்களை மட்டும் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அவர்களுள் 916 பேருக்கு நோயின் முதல் அறிமுகமே மாரடைப்பு. 468 பேருக்கு நிலையான நெஞ்சுவலி. அந்த நாளுக்கு முன் இவர்கள் என்னென்ன மருந்துகளில் இருந்தார்கள் என்று மருந்தகப் பதிவுகளைக் கொண்டு பார்த்தார்கள்.

மாரடைப்போடு வந்தவர்களில் ஸ்டேடின் உட்கொண்டிருந்தவர்கள் சுமார் 19 சதவீதத்தினர். நெஞ்சுவலியோடு வந்தவர்களில் 40 சதவீதத்தினர். பீட்டா பிளாக்கரில் வேறுபாடு இன்னும் கூடுதல்: 19 சதவீதத்துக்கு எதிராக ஏறத்தாழ 48 சதவீதம். வயது, புகை, ரத்த அழுத்தம் போன்றவற்றைக் கணக்கில் கொண்ட பின்னும் வேறுபாடு மறையவில்லை. இந்த மருந்துகளில் இருந்தவர்களுக்கு நோய் வந்தாலும், அது எச்சரிக்கும் வடிவில் வருவதற்கான வாய்ப்பு கூடுதலாக இருந்தது என்பதே இதன் பொருள்.

'கிரேஸ்' என்ற பன்னாட்டுப் பதிவேடும் இதே திசையைக் காட்டுகிறது. பல நாடுகளின் மருத்துவமனைகளில் திடீர் இதயத் தமனி நோயோடு சேர்க்கப்பட்டவர்களின் விவரங்களைத் திரட்டிய பதிவேடு அது. 2004-இல் அதிலிருந்து 19,500-க்கும் மேற்பட்டோரை ஆராய்ந்தபோது, ஏற்கெனவே ஸ்டேடினில் இருந்தவர்களுக்கு எஸ்.டி. உயர்வு மாரடைப்பு வருவது குறைவாக இருந்தது. 2010-இல் அதே பதிவேட்டின் 52,693 பேரை வைத்து நைட்ரேட் மருந்துகளைப் பற்றி ஓர் ஆய்வு வந்தது. நைட்ரேட்டில் இல்லாதவர்களில் 41 சதவீதத்தினருக்கு எஸ்.டி. உயர்வு மாரடைப்பு, நீண்டகாலமாக நைட்ரேட்டில் இருந்தவர்களில் 18 சதவீதத்தினருக்கே. ஆஸ்பிரினைப் பற்றியும் இதே போன்ற முடிவுகள் 1990-களிலிருந்தே வந்துகொண்டிருக்கின்றன.

எப்படி இது நிகழ்கிறது? ஆஸ்பிரினின் வேலை எளிது. தட்டணுக்கள் ஒன்றையொன்று அழைத்துக்கொள்ளப் பயன்படுத்தும் ஒரு வேதிப்பொருள் உருவாவதை அது தடுக்கிறது. தட்டணுவுக்கு உட்கரு இல்லை. எனவே, முடக்கப்பட்ட நொதியைப் புதிதாகச் செய்துகொள்ள அதற்கு வழியில்லை. தன் வாழ்நாளான எட்டு, பத்து நாள்களும் அது முடங்கியே இருக்கும். திட்டு கிழிந்தாலும் கட்டி சிறிதாகவே உருவாகிறது. பாதை முழுதும் அடைபடாமல் ஒரு கீற்றேனும் திறந்திருக்க வாய்ப்புண்டு.

ஸ்டேடினின் கதை சுவையானது. ஜப்பானிய அறிஞர் அகிரா எண்டோ, ஏறத்தாழ 6,000 பூஞ்சை வகைகளைச் சோதித்து, கியோட்டோ நகரத்து அரிசியில் வளர்ந்த ஒரு நீலப் பச்சைப் பூஞ்சையிலிருந்து 1973-இல் முதல் ஸ்டேடினைப் பிரித்தெடுத்தார். அந்த மனிதர் 2024-இல்தான் மறைந்தார். நோபல் பரிசு அவருக்குக் கிட்டவில்லை. ஸ்டேடின் கெட்ட கொழுப்பைக் குறைக்கிறது என்பது எல்லோரும் அறிந்தது. அத்தோடு திட்டின் உள்ளே இருக்கும் அழற்சியைத் தணித்து, கொழுப்பு மையத்தைச் சுருக்கி, மேல்தோலைத் தடிப்பாக்குகிறது. ஸ்டேடின் உண்பவரின் தமனியில் திட்டு மறைந்துவிடாது. அது கிழியாத திட்டாக மாறுகிறது. அதனால்தான் பல ஆண்டுகள் மருந்துண்ட பிறகும் ஆஞ்சியோகிராமில் அடைப்பு அப்படியே இருப்பதைக் கண்டு 'மருந்து வேலை செய்யவில்லை' என்று பலர் தவறாக முடிவுகட்டுகிறார்கள். படத்தில் தெரிவது திட்டின் அளவு. அதன் குணம் படத்தில் தெரிவதில்லை.

பீட்டா பிளாக்கர் இதயத்தின் வேகத்தையும் அது சுருங்கும் விசையையும் குறைக்கிறது. இதயத் தசைக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் குறைகிறது. தமனிச் சுவரின்மேல் ரத்தம் மோதும் வேகமும் தணிகிறது. இதைக் கண்டறிந்த ஜேம்ஸ் பிளாக்குக்கு 1988-இல் நோபல் பரிசு கிடைத்தது. நைட்ரேட் ரத்தக் குழாய்களை விரிக்கிறது. சிறு அளவில் இதயத் தசையைப் பழக்கி, பின்னர் வரும் ரத்தத் தட்டுப்பாட்டைத் தாங்கச் செய்கிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். டைனமைட்டைக் கண்டுபிடித்த ஆல்ஃபிரட் நோபலுக்கு அவருடைய கடைசிக் காலத்தில் மருத்துவர்கள் நெஞ்சுவலிக்குப் பரிந்துரைத்தது, டைனமைட்டின் மூலப்பொருளான அதே நைட்ரோகிளிசரினைத்தான்.

இதுவரை படித்தவர்கள், 'மருந்து கடுமையைக் குறைக்கிறது. நிரூபணமாகிவிட்டது' என்று நினைத்தால், பேராசிரியர் என்ற முறையில் நான் சற்றே குறுக்கிட வேண்டும். மேலே சொன்னவை எல்லாம் கவனித்து எழுதிய ஆய்வுகள். சீட்டுக் குலுக்கி இரு குழுவாகப் பிரித்து நடத்திய சோதனைகள் அல்ல. மருந்து உண்பவர்களும் உண்ணாதவர்களும் மருந்தில் மட்டும்தான் வேறுபடுகிறார்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

முதலாவது, மருந்து யாருக்குத் தரப்படுகிறது? ஏற்கெனவே நோய் முற்றியவர்களுக்கு. திடீர் நெஞ்சுவலியோடு வருபவரின் ஆபத்தைக் கணிக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் 'டிமி' மதிப்பெண் முறையில், கடந்த ஏழு நாள்களில் ஆஸ்பிரின் உண்டிருந்தால் ஒரு மதிப்பெண் கூடும்! ஆஸ்பிரின் ஆபத்தை வளர்க்கிறது என்பது இதற்குப் பொருளாகாது. ஆஸ்பிரினில் இருந்தும் கட்டி உருவானால், நோய் அவ்வளவு வலுவானது என்பதே பொருள். குடை பிடித்தவர்கள்தாம் அதிகம் நனைந்திருக்கிறார்கள் என்பதற்காக, குடைதான் மழையைக் கொண்டுவந்தது என்று சொல்ல முடியுமா?

இரண்டாவது, ஒழுங்காக மருந்துண்பவர் எப்படிப்பட்டவர்? இதற்கு மருத்துவ வரலாற்றில் ஒரு பிரபலமான சான்று உண்டு. கொழுப்பைக் குறைக்கும் குளோஃபைபிரேட் என்ற மருந்தை ஆராய்ந்த அமெரிக்கச் சோதனையின் முடிவு 1980-இல் வெளியானது. அம்மருந்தை ஒழுங்காக உண்டவர்களில் ஐந்தாண்டுகளில் இறந்தவர்கள் 15 சதவீதம். ஒழுங்கில்லாதவர்களில் ஏறத்தாழ 25 சதவீதம். அருமையான மருந்து என்று சொல்லத் தோன்றும். ஆனால், வெறும் மாவு மாத்திரை தரப்பட்டவர்களைப் பார்த்தால், அதை ஒழுங்காக உண்டவர்களில் 15 சதவீதத்தினர். ஒழுங்கில்லாதவர்களில் 28 சதவீதத்தினர் இறந்திருந்தனர். மாவுக்கு எந்தச் சக்தியும் இல்லை. சொன்னபடி மாத்திரை உண்பவர், பெரும்பாலும் சொன்னபடி நடப்பவராகவும் இருக்கிறார். புகையை விடுகிறார், வலி வந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போகிறார். என் மாணவர்களுக்கு இந்தப் புள்ளிவிவரத்தை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிக் காட்டியிருக்கிறேன்.

மூன்றாவது, மருத்துவமனைப் பதிவேட்டில் இருப்பவர்கள் மருத்துவமனைக்கு உயிரோடு வந்து சேர்ந்தவர்கள் மட்டுமே. வழியிலேயே இறந்தவர்கள் எந்த மருந்தில் இருந்தார்கள் என்று அந்தப் பதிவேடு சொல்லாது.

அப்படியானால், நம்புவதற்கு என்ன இருக்கிறது? குலுக்கல் முறைச் சோதனைகள் இருக்கின்றன. 1988-இல் வெளியான 'ஐசிஸ்-2' சோதனையில் மாரடைப்பு சந்தேகத்தோடு வந்த 17,187 பேர் பங்கேற்றனர். ஒரு மாதம் தினமும் 160 மில்லிகிராம் ஆஸ்பிரின் தந்ததில், ஐந்து வாரங்களில் இதய, ரத்தக்குழாய் நோயால் நேரும் மரணங்கள் 23 சதவீதம் குறைந்தன. கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸையும் சேர்த்துத் தந்தபோது 42 சதவீதம். (நோயாளிகளைக் கண்டபடி கூறுபோட்டு ஆராய்ந்தால் என்ன ஆகும் என்று காட்டுவதற்காக, அந்த ஆய்வாளர்கள் ராசிவாரியாகவும் பிரித்துக் காட்டினார்கள். மிதுனம், துலாம் ராசிக்காரர்களுக்கு ஆஸ்பிரின் பயன்படவில்லை என்று வந்தது! மேலைநாட்டு ராசிக் கணக்குப்படிதான். நம் ஊர் ஜோதிடர்கள் அவசரப்பட வேண்டாம்.) ஏற்கெனவே இதய நோய் உள்ள 4,444 பேரிடம் ஸ்காண்டிநேவிய நாடுகளில் நடந்த சிம்வாஸ்டேடின் சோதனையின் முடிவு 1994-இல் வந்தது. ஐந்தாண்டுகளுக்குச் சற்றே கூடுதலான காலத்தில் மருந்து பெறாத குழுவில் 256 பேரும் பெற்ற குழுவில் 182 பேரும் இறந்திருந்தனர்.

எனவே, என் முடிவு இது: ஏற்கெனவே நோய் உள்ளவர்களுக்கு இம்மருந்துகள் மரணத்தைக் குறைக்கின்றன என்பது உறுதி. வரும் தாக்குதலின் வடிவத்தையும் மென்மையாக்குகின்றன என்பது உறுதிக்கு ஒரு படி கீழே. ஆனால், வெவ்வேறு நாடுகளின் தரவுகள் ஒரே திசையில் நிற்பதாலும், உடலியங்கியல் காரணம் தெளிவாக இருப்பதாலும் நம்பத்தக்கது. எனக்கு முழு அடைப்பு வராமல் போனதற்கு மாத்திரைதான் காரணம் என்று என் ஒருவனை வைத்து யாராலும் நிரூபிக்க முடியாது. ஆயிரம் பேரில் தெரிவது ஒருவரிடம் தெரியாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. நோய் இல்லாதவர்கள் முன்னெச்சரிக்கையாக ஆஸ்பிரின் விழுங்குவது இன்று ஊக்குவிக்கப்படுவதில்லை. எழுபது வயதை ஒட்டியவர்களும் கடந்தவர்களுமாக 19,114 பேரிடம் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் நடந்து 2018-இல் முடிவு வெளியான சோதனையில், ஆஸ்பிரின் இதயநோயைக் குறிப்பிடத்தக்க அளவில் குறைக்கவில்லை. பெரும் ரத்தக்கசிவை 38 சதவீதம் கூட்டியது. நண்பர் சாப்பிடுகிறார் என்பதற்காகத் தானும் தொடங்குவோர் இதைக் கவனிக்க வேண்டும். பீட்டா பிளாக்கரும் எந்நேரமும் நல்லதன்று. சீனாவில் 45,852 பேரிடம் நடந்து 2005-இல் வெளியான சோதனையில், மாரடைப்பு வந்த முதல் மணிநேரங்களில் மெட்டோபிரோலாலை ஊசிவழியே தொடங்கியபோது, மறு மாரடைப்பு ஆயிரத்துக்கு ஐந்து குறைந்தது. இதயம் செயலிழந்து அதிர்ச்சி நிலைக்குப் போவது ஆயிரத்துக்குப் பதினொன்று கூடியது. மாரடைப்புக்குப் பின் இதயத்தின் இயக்கம் நன்றாக உள்ளவர்களுக்கு அது ஆயுள் முழுதும் தேவையா என்ற விவாதமும் இப்போது நடக்கிறது. அவற்றையெல்லாம் முடிவுசெய்ய வேண்டியவர் அவரவர் மருத்துவர். வாட்ஸ்அப்பில் வந்த காணொளி அன்று.

இனி அத்தானின் கதை. மாத்திரைகளை நிறுத்திய இரண்டாவது வாரத்தில், உட்கார்ந்திருக்கும்போதே அவருக்கு நெஞ்சுவலி வந்தது. மருத்துவமனையில் ஐந்து நாள் இருந்தார். தனி ஒருவரின் அனுபவம் எதையும் நிரூபிக்காது என்று இப்போதுதான் எழுதினேன். அது இதற்கும் பொருந்தும். எனினும், பீட்டா பிளாக்கரைத் திடீரென நிறுத்துவதன் ஆபத்து 1970-களிலிருந்தே மருத்துவ ஏடுகளில் பதிவாகி வருகிறது. மருந்து நெடுநாள் கதவை அடைத்து வைத்திருக்கும்போது, உடல் கூடுதல் கதவுகளைத் திறந்து வைத்துக்கொள்கிறது. மருந்து ஒரேயடியாக விலகினால், அட்ரினலின் அத்தனை கதவுகள் வழியாகவும் பாய்கிறது. அமெரிக்காவில் இந்த மருந்துகளின் குறிப்பேட்டிலேயே, திடீரென நிறுத்தாதீர்கள் என்று கட்டமிட்ட எச்சரிக்கை இருக்கிறது. நிறுத்தத்தான் வேண்டுமென்றால், மருத்துவர் சொல்லும்படி அளவைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

ஆஸ்பிரினுக்கும் இது பொருந்தும். ஸ்வீடனில் 6 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பதிவுகளை ஆராய்ந்து 2017-இல் வெளியான ஆய்வில், குறைந்த அளவு ஆஸ்பிரினை நிறுத்தியவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் ஆகியவை தொடர்ந்தவர்களைவிட 37 சதவீதம் கூடுதல். நம் ஊரில் பல் பிடுங்குவதற்கு முன் ஆஸ்பிரினைத் தாமாகவே ஒரு வாரம் நிறுத்திக்கொள்ளும் வழக்கம் பரவலாக இருக்கிறது. சாதாரணமாகப் பல் எடுப்பதற்குப் பெரும்பாலும் அது தேவையில்லை. கட்டுப்படுத்தக்கூடிய சிறு ரத்தக்கசிவுக்கு அஞ்சி, கட்டுப்படுத்த முடியாத கட்டியை வரவழைத்துக்கொள்வது நல்ல பேரம் அன்று. ஸ்டென்ட் வைத்த முதல் மாதங்களில் இரண்டு தட்டணு மருந்துகளுள் எதையும் மருத்துவரைக் கேட்காமல் விடுவது இன்னும் ஆபத்தானது. மலம் கருத்துப் போனாலோ ரத்தக்கசிவு தெரிந்தாலோ மருத்துவரிடம் உடனே ஓட வேண்டும். மாத்திரையைக் குப்பையில் போடுவது மட்டுமே அதற்குத் தீர்வாகாது.

பொருளியலாளனாக என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியின் டெனிஸ் சேவியர் முதலியோர் தொகுத்து 2008-இல் 'லான்செட்' இதழில் வெளியான 'கிரியேட்' பதிவேடு, இந்தியாவின் 50 நகரங்களில் 20,468 நோயாளிகளைப் பின்தொடர்ந்தது. சராசரி வயது 57.5 மட்டுமே. அவர்களில் 60.6 சதவீதத்தினருக்கு வந்தது எஸ்.டி. உயர்வு மாரடைப்பு, வளர்ந்த நாடுகளின் பதிவேடுகளில் இது 40 சதவீதத்துக்கும் குறைவு. வலி தொடங்கி மருத்துவமனையை அடைய ஆன நேரத்தின் இடைநிலை அளவு 360 நிமிடம், அதாவது ஆறு மணி நேரம். நம்மவர்களுக்கு வருவது ஏன் இவ்வளவு கடுமையான வடிவில் வருகிறது என்பதற்குப் புகையிலை, நீரிழிவு, இள வயதிலேயே வரும் நோய், சிறு வலிக்கு மருத்துவமனைக்கு வராமை என்று பல காரணங்கள் சொல்லலாம். முன்கூட்டியே மருந்தில் இருந்தவர்கள் குறைவு என்பதும் அவற்றுள் ஒன்றாக இருக்கக்கூடும்.

அந்தக் குறைவின் அளவைச் சலீம் யூசுஃப் தலைமையில் 17 நாடுகளில் நடந்த 'ப்யூர்' ஆய்வு 2011-இல் காட்டியது. மாரடைப்போ பக்கவாதமோ வந்து பிழைத்தவர்களில், நிரூபிக்கப்பட்ட நான்கு மருந்து வகைகளுள் ஒன்றைக்கூட உட்கொள்ளாதவர்கள் பணக்கார நாடுகளில் 11 சதவீதம். இந்தியா சேர்க்கப்பட்டிருந்த குறைந்த வருமான நாடுகளின் குழுவில் 80 சதவீதம். பத்தில் எட்டுப் பேர்! இவர்கள் நோய் வரக்கூடும் என்ற நிலையில் இருப்பவர்கள் அல்லர். ஏற்கெனவே ஒருமுறை வந்தவர்கள்.

'கிரியேட்' பதிவேட்டில் இன்னொரு கணக்கும் உண்டு. முப்பது நாளுக்குள் ஏழைகளில் 8.2 சதவீதத்தினரும் வசதியானவர்களில் 5.5 சதவீதத்தினரும் இறந்தனர். இந்த இடைவெளிக்கு என்ன காரணம் என்று பிரித்துப் பார்த்தார்கள். ஏழைகளுக்கு நோயின் பின்னணி மோசமாக இருந்ததா என்று சரிசெய்து பார்த்தபோது இடைவெளி மறையவில்லை. பெற்ற சிகிச்சையின் வேறுபாட்டைச் சரிசெய்தபோது மறைந்தது. ஏழையின் இதயம் வேறு வகையானது அன்று; அவருக்குக் கிடைத்த மருந்துதான் வேறு.

ஆஸ்பிரின், அட்டோர்வாஸ்டேடின், மெட்டோபிரோலால் ஆகியவற்றின் காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. இவை புதிய உயிரி மருந்துகளைப் போல விலை பேச வேண்டியவை அல்ல. 1994-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தக் கொள்முதலால் மருந்துச் செலவைக் குறைத்த விதம் மற்ற மாநிலங்களுக்கு முன்மாதிரியானது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. 2023-இல் வந்த 'இதயம் காப்போம்' திட்டத்தில், நெஞ்சுவலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ துணை சுகாதார நிலையத்துக்கோ வருபவருக்கு ஆஸ்பிரின் 2, குளோபிடோகிரெல் 4, அட்டோர்வாஸ்டேடின் 8 என்று 14 மாத்திரைகளை உடனே கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். கட்டி வளரும் அந்த ஆறு மணி நேரப் பயணத்தை வெறுங்கையோடு தொடங்காமல் மருந்தோடு தொடங்குவது, நான் மேலே விவரித்த காரணங்களால், மிகச் சரியான யோசனை.

இனி வேண்டியது, மாரடைப்பிலிருந்து மீண்டவர்களைப் பின்தொடர்வது. வீட்டுக்கு வரும் களப் பணியாளர் ரத்த அழுத்தத்தைப் பார்க்கும்போதே, 'இதயத்துக்கான மாத்திரையை நிறுத்திவிட்டீர்களா, ஏன் நிறுத்தினீர்கள்?' என்று இரு கேள்விகளையும் கேட்டுப் பதிவுசெய்யலாம். பல மாத்திரைகளை ஒன்றில் அடக்கும் கூட்டு மாத்திரையை உலக சுகாதார நிறுவனம் 2023-இல் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. அதன் தொடக்கக்காலச் சோதனைகளுள் ஒன்று இந்தியாவிலேயே நடந்து 2009-இல் வெளியானது. 'கைப்பிடி மாத்திரை' என்று அத்தான் சலித்துக்கொண்டதற்கு அது ஓரளவு பதிலாகும். செலவு கூடுமே என்பவர்கள், ஒரு ஸ்டென்டுக்கும் சில நாள் தீவிர சிகிச்சைக்கும் காப்பீட்டுத் திட்டம் தரும் தொகையை இதன் பக்கத்தில் எழுதிப் பார்க்கட்டும்.

அத்தான் மறுபடியும் மாத்திரை உட்கொள்கிறார். வீட்டில் அக்காள், கிழமைவாரியாகக் கட்டம் போட்ட பெட்டி ஒன்றை வாங்கி வைத்திருக்கிறார். சென்ற வாரம் தொலைபேசியில் நான் இந்தக் கலிபோர்னியக் கணக்கையெல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உனக்கு வந்தது சின்னது என்கிறாய். சரி, வராமல் போன பெரியதை நீ பார்த்தாயா?" என்றார். பார்க்கவில்லை என்றேன். "அப்படியானால் உன் பேச்சை நம்பித்தான் சாப்பிட வேண்டும்" என்று சொல்லிவிட்டு, இரவு மாத்திரைக்கு நேரமாகிவிட்டது என்று தொலைபேசியை வைத்தார்.